கன அடிகளில் எழுதப்பட்ட ஆறு

'மேட்டூர் நீர்வரத்து இவ்வளவு, நீர்திறப்பு இவ்வளவு' என்று நாளிதழில் வரும் இரண்டு எண்களையும் ஆற்றைப் பற்றிய தகவல்களாகவே வாசித்துப் பழகிவிட்டோம். திறப்பு என்பது ஓர் உத்தரவு. வரத்து என்பது பெரும்பாலும் கணக்கு. அணையின் மட்டம் எவ்வளவு மாறியது, எவ்வளவு வெளியேறியது என்பதிலிருந்து பெறப்படுவது. அதற்குள்ளும் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளின் உத்தரவுகள் கரைந்து கிடக்கின்றன. அணைகளுக்குப் பிந்தைய காவிரியின் நீரளவுப் பதிவேட்டை இயற்கையின் வரலாறாக அல்ல, முடிவுகளின் வரலாறாகவே வாசிக்க வேண்டும் என்பது என் வாதம்.

1924 பிப்ரவரியில் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் காவிரி நீருக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதே ஜூலையில் ஆறு கரை கொள்ளாமல் வந்தது. மேட்டூர்ப் பகுதியில் சுமார் நாலரை லட்சம் கன அடி. மறு ஆண்டு அணை வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆண்டுதோறும் வந்த சிறு வெள்ளங்களை அணை விழுங்கிக்கொண்டது. ஆனால் நிரம்பிய அணை எந்த வெள்ளத்தையும் தடுப்பதில்லை. வருவதை அப்படியே விட்டாக வேண்டும்.

டெல்டாவில் வயசாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: 'அப்பல்லாம் ஆறு வரும். இப்ப தண்ணி வுடறாங்க.' எழுவாய் மாறிவிட்டது கவனிக்கத்தக்கது. ஆனால் வெள்ளச் சேதம் என்று வரும்போது மட்டும் அரசின் மொழியில் எழுவாய் மறுபடியும் ஆறாகிவிடுகிறது. அதற்குப் பெயர் இயற்கைப் பேரிடர்.

எங்கே அளப்பது என்பதும் அரசியல்தான். நடுவர் மன்றத்தின் 1991 இடைக்கால உத்தரவு மேட்டூரில் 205 டி.எம்.சி. என்றது. 2007 இறுதித் தீர்ப்பில் அளவிடம் எல்லையோரத்துப் பிலிகுண்டுலுவுக்கு நகர்ந்தது. அளவு 192 ஆனது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. இத்தனை சண்டையும் பற்றாக்குறையைப் பங்கு போடத்தான். அதே 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. 1836இல் காட்டன் காலத்தில் கட்டியது.

காவிரிப் பாசனத்தைக் காப்பாற்ற உபரியெல்லாம் கொள்ளிடத்துக்குள் திருப்பப்படுகிறது. 2022 ஆகஸ்டில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. படுகை, திட்டு என்று பெயரிலேயே ஆற்றின் நினைவைச் சுமக்கிற ஊர்கள். செய்தியில் அவை வெறும் 'தாழ்வான பகுதிகள்'. பயிரும் ஆடு மாடும் போன கணக்கு நிவாரணக் கோப்பில் முடிகிறது. நீரளவுப் பதிவேட்டில் அந்த நாள் ஓர் எண் மட்டும்தான்.

மதகு எத்தனை மணிக்கு உயர்ந்தது, யார் சொல்லி உயர்ந்தது, அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது — இவை மூன்றும் ஒரே பக்கத்தில் பதிவானால்தான் அதை வெள்ள வரலாறு என்று நான் ஒப்புக்கொள்வேன். முதல் இரண்டும் அலுவலகத்தில் இருக்கும். மூன்றாவதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சுவருக்கு அடுத்த வெள்ளையடிப்பதற்குள் போய்க் கேட்டுவிட வேண்டும்.