பழைய வண்டியும் புதிய எஞ்சினும்: செட்டிநாட்டு மோட்டார் வரலாற்றில் ஒரு பக்கம்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் மறப்பதில்லை. அவ்வீடுகளின் கொட்டகையில் நின்ற மோட்டார் வண்டியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் மோட்டார் ரயிலை முந்திக்கொண்டது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பேருந்து விடத் தொடங்கிவிட்டார். திருச்சியிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1929-ல் புதுக்கோட்டையை அடைந்து, 1930-ல்தான் காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நீண்டது. தென்மாவட்டத்துப் பெரியவர்கள் காரைப் ‘பிளஷர்’ என்று சொல்லக் கேட்டிருப்போம். உல்லாசத்துக்கான வண்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எச்சம் அது. அப்பெயரிலேயே ஒரு பாகுபாடு இருக்கிறது. பிளஷர் உலாவுக்கு, சரக்கு வண்டி உழைப்புக்கு.

சரக்கு வண்டிகளில் சிறியதான பிக்கப்பை ஆலையிலேயே முழுமையாகக் கட்டி ஃபோர்டு நிறுவனம் விற்கத் தொடங்கியது 1925-ல். விலை 281 டாலர். மறு ஆண்டே ஃபோர்டு இந்தியாவுக்கு வந்தது. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவர்லே வண்டிகளைக் கோக்கத் தொடங்கியது. அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டும் வாங்கி, உடலை உள்ளூர்த் தச்சரையும் கொல்லரையும் கொண்டு கட்டிக்கொள்வது அக்காலத்து வழக்கம். ஆகவே ‘அசல் வடிவம்’ என்பது இங்கே தொடக்கத்திலிருந்தே சிக்கலான சொல்.

பிறகு வந்த நெருக்கடிகள் வண்டிகளை மேலும் மாற்றின. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது, கரியை எரித்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கலத்தை டி.வி.எஸ். நிறுவனம் செய்தளித்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் செட்டிநாட்டுச் செல்வத்தின் வேர் அறுந்தது. உதிரிபாகங்களை இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு வலியுறுத்தவே, 1954-க்குள் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கடையைக் கட்டின. உதிரிபாகம் கிடைக்காத அமெரிக்க வண்டிகளுக்குப் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் மாற்று உயிர் ஆயிற்று. அதைச் சென்னை சிம்ப்சன் நிறுவனமே தயாரித்தது. வண்டியை ‘மேம்படுத்துதல்’ அன்று பொழுதுபோக்கு அன்று. பிழைக்கும் வழி.

இப்போது காட்சி தலைகீழ். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டியே ‘விண்டேஜ்’ ஆகும். அது அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடிக் காலம் 10 ஆண்டுகள். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

இவ்விதி பிளஷருக்குப் பொருந்துகிறது. பிக்கப்புக்கு? கொட்டகையில் உறங்கிய கார் பிழைத்துக்கொள்ளும். நெல்லும் செங்கல்லும் சுமந்து, எஞ்சின் மாற்றி, பலகை மாற்றி, இரு தலைமுறைகளுக்குச் சோறு போட்ட வண்டி அசலை இழந்தது என்று தள்ளப்படும். வேலை செய்யாததே மரபு, வேலை செய்தது பழைய இரும்பு என்றாகிவிடுகிறது. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இந்தத் தராசை நாள்தோறும் காணலாம். விரிசல் விடாத பீங்கானுக்குக் கிடைக்கும் மதிப்பு, ஒட்டுப் போட்ட அண்டாவுக்குக் கிடைப்பதில்லை.

அப்படியானால் உரிமையாளர் எதையும் தொடக்கூடாதா? கட்டடப் பாதுகாப்பில் ஒரு நெறி உண்டு: திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றத்தைச் செய்யலாம். 6 வோல்ட் மின்சுற்றை 12 ஆக்கினால், கழற்றிய பாகங்களைப் பெயரெழுதிப் பெட்டியில் வைக்கலாம். அடிச்சட்டத்தை அறுத்தால் மீட்பில்லை. வெளியே எடுத்த எஞ்சினையும் எடைக்குப் போடாமல் காப்பது நல்லது.

துருவின் வேதியியலை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. கடற்காற்றில் உலோகம் அரிபடுவதை அறிய அது மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உள்நாட்டின் வறண்ட காற்று அவ்வளவு கொடிது அன்று. ஆகவே பழைய வண்டிகளின் முதற்பகை துரு அன்று. பட்டறையில் ஏறிய ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்று எழுதி வைக்காத நம் பழக்கமே. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒட்டுப் போட்ட வண்டியும் வரலாறாகிவிடும்.