பேர், ஊர், செட்: கம்பம் பள்ளத்தாக்கு ரேடியோ கேட்ட கதை

போன மாசம் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

ஹெட்போன் பைத்தியங்கள் கொஞ்ச பேர் சேர்ந்து பேசிக்கிற ஒரு குழுவுல நானும் இருக்கேன். அங்க புதுசா யார் வந்தாலும் மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும். பேர் என்ன, எந்த ஊர், என்ன செட்டப் வச்சிருக்கீங்க? வழக்கமா வர்ற பதில் கடை பில் மாதிரி நீளமா இருக்கும். இந்த ஹெட்போன், இந்த ஆம்ப், இந்தக் கேபிள், அடுத்து வாங்கப்போறது இது. அன்னைக்குக் கம்பத்துலேருந்து ஒரு தம்பி வந்தார். அவர் சொன்னது நாலே வரி. போன் கூட வந்த வயர் இயர்போன் மட்டும்தான் இருக்கு, பாட்டு நிறைய கேப்பேன், நான் இங்க இருக்கலாமா?

யாரும் அவரைக் கிண்டல் பண்ணலை. ஆனா பதிலும் பெருசா வரலை. ரெண்டு நாள்ல அவர் போயிட்டார்.

"இருக்கலாமா" என்கிற அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. ஒலி கேட்கிறவங்க கூட்டத்துல ஒருத்தர் தன்னை எப்படி அறிமுகம் செஞ்சுக்கணும்? எதை வச்சு உள்ளே விடுவாங்க? தேடிப் பார்த்தா, இதுக்கு நம்ம ஊர்லயே நூறு வருஷக் கதை இருக்கு. அதுல கம்பம் பள்ளத்தாக்குக்கு நல்ல இடமும் இருக்கு.

முதல்ல சென்னைக்குப் போவோம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அரசாங்கம் இல்லை, கம்பெனி இல்லை. ஆர்வலர்கள் கூடி நடத்திய ஒரு கிளப். அதே வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பையும் தொடங்கினார்கள். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வருவதற்கு 12 வருஷம் முன்னாடி!

அந்தக் காலத்து எளிய ரேடியோ, கிரிஸ்டல் செட். அதுக்கு பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆன்டெனாவில் வந்து விழுகிற அலையின் சக்தியை மட்டும் வச்சு அது வேலை செய்யும். அந்தச் சக்தி ரொம்பக் கொஞ்சம், ஸ்பீக்கரை அசைக்கப் பத்தாது. அதனால ஹெட்போன் மாட்டித்தான் கேட்க முடியும். ரேடியோவின் முதல் நேயர்களில் நிறைய பேர் ஹெட்போன் நேயர்கள் என்பதை நாம மறந்துட்டோம். வீட்டுல நாலு பேர் கேட்கணும்னா என்ன செய்வாங்க தெரியுமா? உலகம் முழுக்க ஒரே வித்தைதான். ஹெட்போனைக் கழற்றி ஒரு கிண்ணத்துக்குள்ள போட்டு, சுத்தி உட்கார்ந்துக்குவாங்க.

1927-இல் பணமில்லாமல் கிளப் மூடியது. அதன் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியிடம் போனது. 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பை ஆரம்பித்தபோது மெரினா மாதிரி பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். கடற்கரைக்கு வந்த யாரும் நேயர்தான். சொந்தமா செட் இருக்கணும் என்கிற நிபந்தனை அங்க கிடையாது.

இப்ப தெற்கே, நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். மேற்கே கேரளா எல்லையில் மலை, கிழக்கே மேகமலை, நடுவுல முல்லைப் பெரியாறு தண்ணி பாய்கிற வயல். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு வரிசையா ஊர்கள். தேனி மாவட்டம் 1997-இல்தான் பிறந்தது. அதுக்கு முன்னாடி இதெல்லாம் மதுரை ஜில்லா. சென்னை வானொலி 1938-இல் வந்தது, திருச்சி 1939-இல் வந்தது. மதுரைக்கு நிலையம் கிடைக்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேப்பை எடுத்து நேர்கோடு போட்டுப் பாருங்க. கம்பத்துலேருந்து சென்னை ஏறக்குறைய 490 கிலோமீட்டர். கொழும்பு ஏறக்குறைய 420 கிலோமீட்டர்தான். அதோட சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ், மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். பக்கவாட்டில் மலை நின்னா அதுக்குக் கவலை இல்லை. கடல் தாண்டி இருக்கிற இலங்கை வானொலி, மலைக்கு நடுவுல இருக்கிற ஒரு ஊருக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி ஆனதுக்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் டெல்லி. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கினார். 1957 அக்டோபரில் விவித் பாரதி ஆரம்பிக்கிற வரைக்கும் சினிமாப் பாட்டு வேணும்னா கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பணும். அப்படித் திருப்பிய காது அதுக்கப்புறமும் திரும்பி வரவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், பின்னாடி ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவுக்காரர்கள் மாதிரி ஆனார்கள்.

இப்ப அந்த மூணு கேள்விக்கு வருவோம். அதை முதலில் கேட்டது அரசாங்கம். 1933-ஆம் வருஷச் சட்டப்படி ரேடியோ வச்சிருக்க லைசென்ஸ் வேணும். தபால் ஆபீஸுக்குப் போய் ஒரு சின்னப் புத்தகம் வாங்கணும். அதில் உங்க பேர், விலாசம், செட்டைப் பற்றிய விவரம். வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிக்கணும். 1970-களில் சாதாரண வீட்டு லைசென்ஸுக்கு 15 ரூபாய். பேர், ஊர், செட்! இந்த முறை 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது. அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் நேயர் என்றால் செட் வச்சிருக்கிறவர்.

ஆனா உண்மையில் கேட்டது யார்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே சாயங்காலம் கூடியவர்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தவர்கள். இவங்க யாருக்கும் லைசென்ஸ் புத்தகம் இல்லை, ஏன்னா செட்டே இல்லை. இவங்களும் நேயர் ஆனது ஒரு போஸ்ட் கார்டு மூலமா.

"நீங்கள் கேட்டவை" மாதிரி நேயர் விருப்ப நிகழ்ச்சியில் என்ன நடக்கும்? பாட்டுக்கு முன்னாடி அதைக் கேட்டு எழுதியவர்கள் பேரையும் ஊரையும் வாசிப்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தென்றால் அம்மா, அப்பா, தாத்தா, அம்மாச்சி, மாமா, அத்தை என்று குடும்பமே வரிசையில் வரும். கவனிச்சுப் பாருங்க, மூணு கேள்வியில் ரெண்டுதான் இங்கே இருக்கு. என்ன செட் வச்சிருக்கீங்கன்னு அறிவிப்பாளர் கேட்கவில்லை. மர்பியா, புஷ்ஷா, பிலிப்ஸா, இல்லை டீக்கடை ரேடியோவா என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த மூணாவது இடத்தில் வேற ஒண்ணு இருந்தது: உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடக்கே ஒரு உதாரணம் இருக்கு. ஜும்ரி தலையா என்று ஒரு ஊர். அப்ப பீகார், இப்ப ஜார்க்கண்ட். அபிரகம், அதாவது மைக்கா தோண்டிய ஊர். அங்கேயிருந்து நேயர் விருப்பக் கடிதம் கட்டுக்கட்டாகப் போனதில், இப்படி ஒரு ஊர் நிஜமாவே இருக்கான்னு பலருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த ஊரை மைக்காவை விட ரேடியோவால்தான் அதிகம் பேருக்குத் தெரியும்.

இதே கேட்கிற பழக்கத்துக்குள்ள இன்னும் தீவிரமான ஒரு கூட்டம் உண்டு. தூரத்து சிற்றலை நிலையங்களைத் தேடிப் பிடிக்கிற டிஎக்ஸர்கள். ஹெட்போனை மாட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க இரைச்சலுக்குள்ள ஒரு குரலைத் தேடுவாங்க. பிடிச்சதும் அந்த நிலையத்துக்கு ஒரு அறிக்கை எழுதுவாங்க. தேதி, நேரம், அலைவரிசை, என்ன நிகழ்ச்சி, அப்புறம் சின்போ என்று ஐந்து எண்கள். ஒலி எவ்வளவு பலமா வந்தது, வேற நிலையம் குறுக்கிட்டதா, இரைச்சல் எவ்வளவு, வழியில் அலை ஏறி இறங்கியதா, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 55555 வந்தால் தெளிவோ தெளிவு. அறிக்கை சரியாக இருந்தால் நிலையத்திலிருந்து கியூஎஸ்எல் என்ற உறுதிச் சான்று அட்டை தபாலில் வரும்.

அறிக்கையில் செட் பேரும் ஆன்டெனாவும் எழுதுவார்கள்தான். ஆனா பெருமைக்காக இல்லை. இந்தக் கருவியில் இந்த ஊரில் இப்படிக் கேட்டது என்ற அளவீட்டுக்காக. அந்த ஊரில் தன் ஒலி எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள நிலையத்துக்கு அந்தக் காது தேவை. மலைக்கு நடுவுல மட்டமான செட்டில் கேட்டவரின் 23222 என்ற அறிக்கை, நகரத்தில் நல்ல செட்டில் கேட்டவரின் 55555-ஐ விட அவங்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும். ஒரு இன்ஜினியரா சொல்றேன், எல்லாம் நல்லா ஓடுதுன்னு வர்ற ரிப்போர்ட்டை விட, எங்க திக்குதுன்னு வர்ற ரிப்போர்ட்தான் எனக்குப் பொக்கிஷம்.

பள்ளத்தாக்கில் ஒரு ரேடியோவின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பண்ணைப்புரம், உத்தமபாளையம் பக்கம். 1960-களின் கடைசியில் அண்ணன் தம்பிகள் இசைக்காக மெட்ராஸ் கிளம்புகிறார்கள். கையில் காசில்லை. அவங்க அம்மா சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, தனக்கென்று எதுவும் எடுத்துக்காம மொத்தத்தையும் கொடுத்து அனுப்பினார். இதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. ஊரில் ராசையாவாக இருந்து மெட்ராஸில் ராஜா ஆனவருக்கு, முன்னால் 'இளைய' சேர்த்து அறிமுகம் செய்தவர் பஞ்சு அருணாசலம்.

எனக்கு இதில் மனசில் நிற்பது ஒண்ணுதான். மெட்ராஸ் போய் இறங்கியபோது அந்த வீட்டின் செட் அவங்க கையில் இல்லை. வித்தாச்சு. அதில் கேட்டது மட்டும் கூடப் போனது.

கடைசியா ஒரு சின்ன விஷயம். 1979 ஜூலையில் சோனி முதல் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியா கேட்கிறதுக்கென்றே வந்த கருவி என்று நாம நினைக்கிறோம். ஆனா அதில் ஹெட்போன் சொருக ரெண்டு துளை இருந்தது. கூட ஒரு ஆரஞ்சு பட்டன். அழுத்தினால் பாட்டு தணிந்து பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். இந்தக் கருவி மனுஷனைத் தனியா அடைச்சிடுமோன்னு அகியோ மொரிட்டாவுக்கு ஒரு கவலை. பிற்பாடு வந்த மாடல்களில் அந்தப் பட்டன் காணாமல் போனது. கேட்கிறவங்களே அதைக் கேட்கவில்லை.

கம்பத்துத் தம்பியிடம் திரும்பி வருகிறேன். நாங்க கேட்ட மூணாவது கேள்வி தபால் ஆபீஸ் லைசென்ஸ் புத்தகத்தின் கேள்வி. கொழும்பு அறிவிப்பாளர் கேட்ட கேள்வியை நாங்க கேட்கவே இல்லை. அவர் "பாட்டு நிறைய கேப்பேன்" என்று சொன்னபோது, என்ன பாட்டுன்னு ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். அந்த ஒருத்தர் நானாக இருந்திருக்கலாம். நான் அப்ப ஒரு கேபிள் நல்லதா கெட்டதான்னு விவாதம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் எங்க குழுவில் பேசி அந்த மூணாவது கேள்வியை மாத்தியிருக்கோம். "கடைசியா எந்தப் பாட்டை ரெண்டு தடவை கேட்டீங்க?" அந்தத் தம்பி இந்த எபிசோடைக் கேட்டால், திரும்பி வாங்க தம்பி. பேரும் ஊரும் ஏற்கெனவே சொல்லிட்டீங்க. பாட்டை மட்டும் சொன்னால் போதும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.