கிராணியின் மேசையும் வெங்காய முகவரியும்

கோலா தெர்லா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தாத்தா இருந்த காலத்தில், ஊரிலிருந்து வரும் கடிதம் நேராக லயத்துக்கு வராது. ஆபீசுக்குப் போய், கிராணியின் மேசையில் கிடந்து, அப்புறம்தான் கைக்கு வரும். "கடுதாசியப் பிரிக்கவே வேணாம்டா, மேல இருக்குற பேரு போதும் அவருக்கு" என்பார் தாத்தா.

2003 ஜனவரி 20 அன்று கோலாலம்பூரில் நடந்ததும் மேலே இருக்கும் பெயருக்கான சண்டைதான். அம்னோ இளைஞர் பிரிவைக் கடுமையாகச் சாடிய வாசகர் கடிதம் ஒன்று மலேசியாகினி இணையத்தளத்தில் புனைபெயரில் வந்திருந்தது. எழுதினது யாரு? ஆசிரியர் குழு சொல்ல மறுத்தது. போலீஸ் அலுவலகத்துக்கே வந்து, சர்வர்கள் உட்பட 19 கணினிகளைத் தூக்கிக்கொண்டு போனது. ஆசிரியர் வாயை மூடிக்கொள்ளலாம். கணினிக்கு அந்த நாணயம் கிடையாது. யார் எங்கிருந்து அனுப்பினார் என்பது அதில் பதிந்திருக்கக்கூடும்.

அடுத்த வருஷம், 2004-இல், டோர் வலையமைப்பில் 'மறைந்த சேவை' என்ற வசதி வந்தது. (டோரின் விதை விழுந்தது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில். வரலாறு இப்படித்தான் கிண்டல் செய்யும்.) இதில் வாசகர் சர்வரைத் தேடிப் போவதில்லை. சர்வரும் மூன்று கை மாறி வரும், வாசகரும் மூன்று கை மாறி வருவார், நடுவழியில் சந்திப்பு. ஆறு கிராணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தன்னிடம் தந்தவரையும் தான் தருபவரையும் மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. கடைசியில், எழுதியவர் எங்கே இருக்கிறார் என்பது சர்வருக்கே தெரியாது.

மலைக்கு இதில் இன்னொரு லாபம். மொபைல் டேட்டாவில் ஒரே முகவரியை நிறைய பேருக்குப் பங்கு வைப்பதால், வெளியிலிருந்து யாரும் நம் வீட்டுக் கணினியின் கதவைத் தட்ட முடியாது. இங்கே சர்வர்தான் முதலில் வெளியே புறப்படுகிறது. ஆகவே ஒரு பழைய லேப்டாப் இருந்தால் கோலா தெர்லாவிலிருந்தே ஒரு பத்திரிகை நடத்தலாம். பெயருக்குச் சந்தா கட்ட வேண்டாம். முகவரியை ஒரு சாவியிலிருந்து கணினியே உண்டாக்கிக்கொள்ளும். மின்சாரம் போனால் பத்திரிகையும் போகும், அது வேறு விஷயம். நம் மண்டோரைப் பேர் சொல்லித் திட்டினாலோ, நாம் யாரென்று கண்டுபிடிக்கக் கிராணியே தேவையில்லை.

பழைய வெங்காய முகவரிகள் 16 எழுத்து. பாதுகாப்பு போதாதென்று 2021-இல் டோர் அவற்றைக் கைவிட்டது. இப்போது 56 எழுத்து. பழையதை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தளம் எங்கே போனதென்று கேட்க ஆள் இல்லை.