தார்ச்சாலை மறுசுழற்சி (இருந்த இடத்திலேயே)

பழுதடைந்த தார்ச்சாலையைப் பெயர்த்துப் பொடித்து, பிணைப்புப் பொருள் சேர்த்து, அதே இடத்தில் பரப்பி இறுக்கும் புனரமைப்பு முறை. பல்லாண்டு உழைத்த சாலையிலும் ஜல்லி பெரும்பாலும் கெடுவதில்லை; காற்றும் வெயிலும் பட்டுத் தார்தான் இறுகி வெடிக்கிறது. கெட்டதை மட்டும் சரிசெய்வதே இம்முறையின் அடிப்படை.

தொடக்கம்: அமெரிக்காவில் 1915 அளவிலேயே பழைய தார்க்கலவை மீண்டும் பயன்பட்டதாகக் கூறுவர். 1930களில் சாலையைச் சூடாக்கிச் சீவும் எந்திரங்கள் வந்தன. அவற்றை மறுசுழற்சியாகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1970கள்: 1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் கச்சா எண்ணெய் பீப்பாய் ஏறத்தாழ 3 டாலரிலிருந்து 12 டாலரை எட்டியது, தார் விலையும் ஏறியது. 1976இல் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் தன் 39ஆம் செயல்விளக்கத் திட்டத்தின்கீழ் மாநிலங்களின் மறுசுழற்சிப் பணிகளுக்கு ஆதரவளித்தது. மறுசுழற்சி ஒப்பந்தக்காரர்களின் சங்கமும் அவ்வாண்டே உருவானது. டங்ஸ்டன் கார்பைடு பற்கள் பதித்த உருளையால் சாலையைச் சூடாக்காமலே சுரண்டும் மில்லிங் எந்திரங்கள் இக்காலத்தில் பரவின. சுரண்டுவது, சலிப்பது, கலப்பது, பரப்புவது என எந்திரங்கள் வரிசையாக நகர, பின்னால் ரோலர் வரும். சூடாக்காத குளிர்முறையில் பொதுவாக 75 முதல் 100 மி.மீ. ஆழம் வரை பெயர்ப்பர். சூடாக்கிப் பெயர்க்கும் வெப்பமுறையில் ஆழம் குறைவு. அடித்தளமும் பழுதானால் அதையும் சேர்த்தே பொடிப்பர்.

நுரைத்தார்: குளிர்முறையில் சேர்க்கும் பிணைப்புப் பொருள்களில் ஒன்று இது. 1950களில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாடிஸ் சானி சூடான தாரில் நீராவியைச் செலுத்தி நுரைக்கவைத்தார். 1968இல் இம்முறைக்கான உரிமையைப் பெற்ற மொபில் ஆஸ்திரேலியா நிறுவனம் நீராவிக்குப் பதில் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தியது. தாரின் எடையில் 2, 3 விழுக்காடு நீர் பட்டதும் தார் சீறிப் பொங்கிப் பல மடங்கு பருக்கிறது. சில நொடிகளில் அடங்கிவிடும். அதற்குள் ஈரமான, சூடேற்றாத ஜல்லியோடு கலந்தாக வேண்டும். நுரை பெரிய கற்களை முழுதாகப் பூசாது; நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு கற்களை ஆங்காங்கே ஒட்டவைக்கும். இதைவிடத் தார்க்குழம்பே (எமல்ஷன்) ஏற்றது என்போரும் உண்டு. தட்பவெப்பத்தையும் ஜல்லியையும் பொறுத்தது என்பதே பொதுவான கருத்து.

பிற்காலம்: 2011இல் வர்ஜீனியாவின் 81ஆம் எண் விரைவுச்சாலையில் சுமார் 6 கி.மீ. தொலைவு இவ்வகை முறைகளால் புதுப்பிக்கப்பட்டது. இந்தியச் சாலைப் பேரவை 2015இல் மறுசுழற்சிக்கான வழிகாட்டு நூலை (ஐ.ஆர்.சி. 120) வெளியிட்டது. பழைய சாலைமேல் புதுச் சாலை போட்டு வீடுகள் தாழ்ந்துபோவதைத் தடுக்க, மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே சாலை போடுமாறு 2021இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சுரண்டியதை அங்கேயே மீண்டும் பயன்படுத்துவது அதற்கு அடுத்த படி.