மொட்டை மாடி டவரும் காதோரச் செல்போனும்

நேற்று இரவு ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். "எதிர்வீட்டு மாடியில டவர் வைக்கப் போறாங்கண்ணே. கேன்சர் வருமாம். தெருவே கையெழுத்துப் போடுது, நானும் போடவா?" மும்பையில் டெலிகாம் வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்கிறாள். எனக்குச் சோறு போடும் தொழில், அதனால் நான் சொல்வதைச் சந்தேகத்தோடேயே கேள் என்றுதான் ஆரம்பித்தேன். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

1995 ஜூலை 31. கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான். அன்றைக்கு வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. அதனால் பயமெல்லாம் பர்ஸைப் பற்றித்தான். 2003-ல் இன்கமிங் இலவசமானது. மாடிக்கு மாடி டவர் முளைத்தது, பயமும் பின்னாலேயே வந்தது.

2010 டிசம்பரில் மும்பை ஐஐடி பேராசிரியர் கிரிஷ் குமார் டவர் கதிர்வீச்சைப் பற்றி அரசிடம் எச்சரிக்கை அறிக்கை கொடுத்தார். 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, செல்போன் அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அதற்கு ஆதாரம் காதில் வைத்து நெடுநேரம் பேசியவர்கள் பற்றிய ஆய்வுகள்தான், டவர் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பற்றியவை அல்ல. நம் ஆட்கள் பார்த்ததோ மாடியை!

2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா டவர் வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 ஆனது. அதே நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை டவர்களை அகற்றச் சொன்னது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முலுண்ட் சொசைட்டியிலும் கூட்டம் நடந்தது. மூன்றாம் மாடி அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டவரை எடுக்க எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அவர் முகத்தைப் பார்த்து 'ஆதாரம் இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

டவர் போனது, சிக்னலும் போனது. ஜன்னலோரம் நின்று, செல்போனைக் காதில் அழுத்தி, ஊரிலிருக்கும் அம்மாவிடம் தினமும் அரை மணி நேரம் கத்தினேன்.

சிக்னல் குறைந்தால் செல்போன் தன் சக்தியைக் கூட்டித்தான் டவரை எட்டும். தூரம் இரட்டித்தால் அலையின் வலு நாலில் ஒன்றாகிவிடும் என்பதால் டவரிலிருந்து வருவது சொற்பம். காதோடு ஒட்டியிருக்கும் செல்போன் அப்படியல்ல. தூரத்தில் இருந்ததை விரட்டிவிட்டு, தலைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கூடுதலாக உழைக்க வைத்தோம். தொழில் தெரிந்த நான் அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய்த் தொடர்பு தெரியவில்லை.

மூன்றாம் மாடி அம்மா பிழைத்துக்கொண்டார். டவர் போனதால்தான் என்கிறார். நான் மறுத்துப் பேசியதில்லை.

தங்கையிடம் சொன்னது இதுதான்: "கையெழுத்துப் போடும்மா. ஆனா டவர் வேண்டாம்னு போடாதே, அளந்து காட்டுங்கன்னு போடு." 2017-ல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாய் கட்டினால் வந்து அளப்பார்கள் என்று வைத்தார்கள். தெருவே சேர்ந்தால் வீட்டுக்கு நூறு ரூபாய்கூட வராது.