முத்தநாதனும் அதிசூரனும்

திருத்தொண்டர் புராணத்தைப் பயில்வோர் அடியார்தம் பெருமையையே நோக்கிப் பயில்வது வழக்கம். அவ்வடியார்க்குப் பகையாய் நின்றாரை ஒரு சொல்லால் இகழ்ந்து கடந்து செல்வதும் வழக்கமே. ஆயினும், சேக்கிழார் சுவாமிகள் அங்ஙனம் கடந்து சென்றாரல்லர். மெய்ப்பொருள் நாயனாரைக் கரவாற் கொன்ற முத்தநாதனையும், ஏனாதிநாத நாயனாரை அவ்வாறே கொன்ற அதிசூரனையும் அவர் காட்டுமிடத்து, அவர்தம் செயலோடு அச்செயலுக்கு வித்தாகிய எண்ணத்தையும் படிப்படியாக விளக்கிச் செல்கின்றார். அவ்வெண்ணத்தின் இயல்பு யாது, அதனை ஆசிரியர் விளக்கப் புகுந்தது எதன்பொருட்டு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வரலாற்று முறையில் மூன்று நூல்களையும் ஒப்புநோக்குவாம். திருவாரூரிற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையில் இவ்விரு நாயன்மார் பெயரும் உள்ளன. பகைவரைப் பற்றிய குறிப்பு இல்லை. அங்கு ஒன்று மாத்திரம் கருதத்தக்கது. மெய்ப்பொருள் நாயனாரை, வெல்லும் நெறியில் மிக வல்லவர் என்னுங் கருத்துப்பட நம்பியாரூரர் போற்றுகின்றார். பகைவன் கையால் மாண்ட ஒருவரை வெற்றியாளர் என்றது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினா தொகையிலேயே தோன்றிவிடுகின்றது, விடை அங்கில்லை.

அடுத்து, நம்பியாண்டார் நம்பிகள் இயற்றிய திருத்தொண்டர் திருவந்தாதி நாயன்மார் ஒவ்வொருவர்க்கும் செய்தியைச் சுருக்கி உரைக்கின்றது. அதன்கண் மெய்ப்பொருளாரைக் கொன்றவன் மெய்த்தவன்போல் வந்த ஒரு பொய்த்தவன் என்ற அளவிற் சுட்டப்படுகின்றான். தத்தன் பெயரும், அவனை நோக்கி அரசர் கூறிய மொழியும் உள. கொன்றவன் பெயர் இல்லை. ஏனாதிநாதர் வரலாற்றிலும், எதிர்த்துப் பொருதவன் நெற்றியில் நீறு கண்டு அவன் வெட்ட நின்றருளினார் என்பதே செய்தி. அவ்வெதிரி யாவன், எக்காரணத்தாற் பகைத்தான் என்பன அங்குக் கூறப்பட்டில.

கல்வெட்டுச் சான்றும் இதனோடு ஒத்து நிற்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று, அங்கு எழுந்தருளுவிக்கப்பட்ட மிலாடுடையார் செப்புத் திருமேனியைக் குறிக்கும்பொழுது, இவர் நம்மவர் எனத் தத்தனுக்கு உரைத்த அவர்தம் மொழியையே அடையாளமாகக் கூறுகின்றது. சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வரலாறு மக்கள் நெஞ்சில் வேரூன்றியிருந்தது என்பது இதனால் விளங்கும். மக்கள் போற்றி நினைத்தது அரசர் மொழியை, கொன்றவனை அன்று.

இனி, இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில் (1133–1150) எழுந்த பெரியபுராணத்திற்றான் அவ்விருவரும் பெயரும் நினைவும் நோக்கமும் உடைய மாந்தராய் நம் கண்முன் வருகின்றனர். சேக்கிழார் சோழ மன்னனுக்கு அமைச்சராயிருந்தவர். அரசர்தம் பகையும், தொழில்வழிப் போட்டியும், வருவாய் குறைந்தார் நெஞ்சில் எழும் புழுக்கமும் எத்தகையன என்பதை அரசியற் பணியில் நேரிற் கண்டறிந்திருத்தல் இயல்பே. அவ்வறிவு இவ்விரு வரலாற்றிலும் நன்கு பயன்பட்டுள்ளது.

முத்தநாதன் பிறவியிலேயே கொடியனாகக் காட்டப்படவில்லை. அவன் திருக்கோவலூர் அரசரோடு நேர்நின்று பன்முறை பொருதவன். பொருதபோதெல்லாம் யானையும் குதிரையும் வீரரும் இழந்து தோற்றவன். தோல்வியும் அதனாலாகிய மானக்கேடும் அவனை உறுத்தின. வலியால் வெல்லல் ஆகாது என்பது தெளிந்தபின்னரே அவன் வஞ்சனையை நாடினான். அரசர் திருநீற்றன்பு உடையவர் என்பதை அவன் அறிவான். ஆகவே மெய்யெல்லாம் நீறு பூசிச் சடை முடித்து, படைக்கலத்தை ஏட்டுக் கட்டினுள் மறைத்துக்கொண்டு நகர் புகுந்தான்.

அவன் சூழ்ச்சியின் நுட்பத்தைக் காண்க. வேடம் அவனுக்கு வாயில்களைத் திறந்துவிட்டது. கடைசி வாயிலில் நின்ற தத்தன் மாத்திரம், அரசர் துயில்கின்றார், சமயம் அறிந்து புகுக என்றான். அவனைக் கடந்து சென்றும் அரசர் பக்கத்தில் அரசியார் இருந்தனர். தனிமை வேண்டும், தனிமைக்கு வேடம் மாத்திரம் போதாது. ஆதலின், இவ்வுலகில் எங்கும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொணர்ந்தேன் என்றும், அதனை நீயும் யானும் தனித்திருந்தே ஓதுதல் வேண்டும் என்றும் கூறினான். அரசர் அரசியாரை அகலச் செய்து, வந்தவனைத் தவிசில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். அந்நிலையில் அவன் தான் நினைந்ததை முடித்தான். அரசர்க்கு அடியார்பால் உள்ள அன்பையேயன்றிச் சிவாகமப் பொருளைக் கேட்டற்கண் உள்ள வேட்கையையும் அவன் அளந்தறிந்து கருவியாகக் கொண்டமை இதனாற் புலனாகும்.

அதிசூரன் நிலை வேறு. அவன் அரசனல்லன். சோழநாட்டு எயினனூரில் வாட்படை பயிற்றும் தொழிலை ஏனாதிநாதரோடு உரிமையாற் பெற்ற தாயத்தான். ஏனாதிநாதரிடம் பயில்வார் தொகை பெருகப் பெருக, இவனுக்கு வருவாய் அருகிற்று. அழுக்காறு பிறந்தது. வாள்பயிற்றும் உரிமை போரில் வென்றவர்க்கே ஆதல் வேண்டும் எனப் படைதிரட்டி வந்து அழைத்தான், பொருது தோற்றோடினான். அன்றிரவு துயிலானாய்க் கிடந்து வஞ்சனையை எண்ணினான். மறுநாள் அவன் விடுத்த தூது யாது? நம் பொருட்டு இருதிறத்தாரும் ஏன் மடிதல் வேண்டும், நாம் இருவேமும் தனியிடத்துப் பொருவோம் என்பதே. இரக்கத்தின் சொல்லைக் கொண்டு கொலைக்கு வழிகோலினான். அதுகாறும் நீறணியாதவன் அன்று நெற்றியில் நீறணிந்து, அணுகுமளவும் அதனைக் கேடகத்தால் மறைத்து, நெருங்கியவுடன் கேடகத்தை விலக்கிக் காட்டினான்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், பொதுவாகிய ஓர் உண்மை தோன்றும். இருவரும் முதலில் நேர்ப்போர் செய்தவர். இருவரும் தோல்வியைப் பொறுக்கமாட்டாமையாற் கரவிற் புகுந்தவர். அதனினும் முதன்மையானது பிறிதொன்றுண்டு. இவர்கள் குற்றம் அறியாமையால் விளைந்ததன்று. திருநீற்றின் பெருமையை அவர்கள் நன்கறிந்திருந்தனர். மெய்ப்பொருளார் வேடத்தை ஐயுறமாட்டார் என்பதை முத்தநாதன் ஒரு சிறிதும் ஐயுற்றானல்லன். நீறு கண்டவழி ஏனாதிநாதர் வாளோச்சார் என்பதில் அதிசூரன் தன் உயிரையே பணயமாக வைத்தான். அடியாருடைய உறுதியில் அவர்தம் சுற்றத்தாரும் வையாத நம்பிக்கையைப் பகைவர் வைத்தனர். அறிந்தது மெய், அறிந்த மெய்யை அவர்கள் கருவியாக்கினரேயன்றித் தாம் அதன் வழிப்பட்டாரல்லர்.

இதனைச் சித்தாந்த நூல்வழி ஆராய்தல் தகும். ஆணவ மலத்தால் மறைப்புண்ட உயிர்க்குக் கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்களால் முறையே செயலும் அறிவும் விழைவும் சிறிது விளங்குகின்றன. முத்தநாதன்பால் இம்மூன்றும் விளங்கியே நிற்கின்றன. வெற்றியில் விழைவுண்டு, பகைவர் இயல்பை அளக்கும் அறிவுண்டு, இடையறாது முயலும் செயலுண்டு. எனினும் இம்மூன்றும் ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கின் ஏவலால் இயங்குகின்றன. மலமறைப்பு என்பது ஒன்றும் தெரியாமை மாத்திரமன்று. தெரிந்ததனைத் தன் நலத்தளவிற்றாகச் சுருக்கிக் காண்டலும் அதன் காரியமே. இருளில் நிற்பவனுக்குப் பொருள் தோன்றாது. இவர்களுக்குப் பொருள் தோன்றியும் அதன் பயன் தோன்றவில்லை என்க.

ஈண்டு ஒரு தடை எழலாம். பொய்வேடத்தை மெய்யென நம்பி உயிரிழந்தவர் ஏமாந்தவரேயன்றி வேறென்ன என்று வினவுவார் உளர். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமும், மயக்கம் நீங்கி அன்பு மிகுந்தவர்தம் வேடத்தையே அரனெனத் தொழுக என்று அடைகொடுத்துக் கூறுகின்றதே. முத்தநாதன் வேடம் அதனுள் அடங்குமோ என்றும் அவர் வினவுவர். தடை வலியுடையதே. விடை புராணத்தினுள்ளேயே அமைந்துள்ளது.

முத்தநாதன் உள்ளத்திற் கறுப்பை வைத்து வந்தமைக்குச் சேக்கிழார் கூறும் உவமை, உள்ளே மையைக் கொண்ட விளக்கு. உவமையை ஊன்றி நோக்குக. விளக்கினுள் கரி உண்டு. ஆயினும் அது வெளிவிடும் ஒளி பொய்யொளி அன்று. அணிந்தவன் நெஞ்சம் கறுத்திருப்பினும் நீற்றின் ஒளி நீற்றின் ஒளியே. அரசர் தொழுதது அவ்வொளியை.

மேலும், அரசர் ஏமாந்தார் என்பது வாள் பாயும் அளவிற்றான் பொருந்தும். பாய்ந்தபின் வந்தவன் யாவன் என்பதில் ஐயமில்லை. தத்தன் வாளோங்கி அவனை வெட்டப் புகுந்தபோது, வீழ்கின்ற அரசர் கைகளால் தடுத்து, இவர் நம்மவர் என்றார். இடையூறின்றி நகர்க்குப் புறத்தே கொண்டுபோய் விடுக என்றும் ஏவினார். சினந்தெழுந்த நகரமாந்தரை விலக்கித் தத்தன் அவ்வாறே செய்து மீண்டு கூறுமளவும் உயிர்தாங்கியிருந்து, அதன்பின்னரே அம்பலத்தாடும் பெருமானை நினைந்தார். இச்செயல் முழுவதும் அறிந்து செய்த செயலாகும். ஏனாதிநாதர் திறம் இன்னும் தெளிவானது. நீறு கண்டவுடன் இவர் சிவனடியார் ஆயினார் எனத் துணிந்து வாளையும் பலகையையும் விட்டொழிக்கக் கருதியவர், படையில்லாரைக் கொன்றார் என்னும் பழி எதிர்நிற்பார்க்கு எய்தலாகாது என்றெண்ணி, அவற்றை ஏந்தியவாறே பொருவார்போல் நின்றார். தம்மைக் கொல்லப் போகின்றான் என்பதை அறிந்தவர்க்கன்றி இவ்வெண்ணம் தோன்றாது. சூத்திரம் நியதியைக் கூறுகின்றது. புராணம் அந்நியதியின் எல்லையைக் கடந்து சென்ற அன்பைக் காட்டுகின்றது. இரண்டும் முரணா.

இப்பொழுது தொகையில் எழுந்த வினாவுக்கும் விடை கிடைக்கின்றது. முத்தநாதன் அரசரைக் கொன்றான்; ஆயினும் அவர்பாற் பகைமையைத் தோற்றுவிக்க அவனால் இயலவில்லை. எந்த உறுதியைக் கருவியாக்கினானோ அவ்வுறுதியே அவனுக்குக் காவலாகி அவனை உயிரோடு ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விட்டது. போர்க்களத்திற் பலகாலும் தோற்றவன் அரண்மனையினுள்ளும் தோற்றான். ஆதலின் நம்பியாரூரர் வாக்கு உபசாரமன்று, உண்மையே என்பது துணிபு.

இறுதியாக, சேக்கிழார் மௌனம் ஒன்றும் கருதத்தக்கது. முத்தநாதன் பின்னர் என் ஆயினான் என்பதை அவர் கூறவில்லை. சேதிநாட்டை எய்தினான் என்றும் கூறவில்லை, தண்டமுற்றான் என்றும் கூறவில்லை. அதிசூரனும் தன் கருத்தை முடித்தான் என்ற அளவில் வரலாற்றினின்றும் மறைகின்றான். தீயோர்க்கு ஒறுப்பு விளைதலைக் காட்டி நல்லோர் நெஞ்சை ஆற்றுவிப்பது கதைமரபு. அம்மரபை ஆசிரியர் ஈண்டு மேற்கொள்ளாமைக்குக் காரணம், அவர்களைத் தண்டித்தல் அவ்வடியார்தம் கருத்தன்று என்பதே போலும். நம்மவர் என்று நாயனார் கூறிய ஒருவனுக்குத் தண்டம் வகுக்கச் சேக்கிழார் எழுதுகோல் இசையவில்லை.

இவ்விருவர் வரலாறும் நமக்கு ஓர் உரைகல்லாகும். நீறணிதலும் ஆகமங் கூறுதலும் முத்தநாதனுக்கும் இயன்றன. அடியார் பெருமையை ஐயமற அறிதலும் அவனுக்கு இயன்றது. நூலாராய்ச்சியிற் பழகிய நாம் அவனினும் மிகுதியாக அறிந்துள்ளோம் என்று கூறிக்கொள்ளல் அரிதன்று. அவ்வறிவு நம்மை வழிநடத்துகின்றதா, அன்றி நாம் அதனை நம் வழக்குக்கும் வெற்றிக்கும் படையாக ஏட்டினுள் மறைத்து வைத்துள்ளோமா என்பதே வினா. அடியார் பகைவரின் உள்ளத்தைச் சேக்கிழார் பெருமான் அத்துணை விளங்கக் காட்டியது, பிறரை இகழ்தற்கன்று; அவ்வுள்ளம் நம்முள்ளும் உளதோ என்று நாடோறும் ஆராய்தற்கேயாம்.