தீக்குச்சி செய்த கை

விக்டோரியா அரசி எந்த ஆண்டில் முடிசூடினார், யாரை மணந்தார், எப்போது கண்மூடினார் என்பதையெல்லாம் நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். கதிரவன் மறையாத பேரரசு என்று அவரது ஆட்சியைப் போற்றியும் படித்திருக்கிறோம். ஆனால், அந்தப் பேரரசின் தலைநகரிலே விளக்கேற்றத் தீக்குச்சி செய்து கொடுத்தவள் யார்? அவள் எங்கே பிறந்தாள்? எங்கே புதைக்கப்பட்டாள்? எந்தப் பாடநூலும் நமக்குச் சொன்னதில்லை. அரண்மனைக்கு ஆயிரம் ஏடுகள்; ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வரியும் இல்லை!

இல்லை என்றா சொன்னோம்? தவறு. வரி இருந்தது, தேடுவார்தான் இல்லை.

இங்கிலாந்திலே 1837 முதல் பிறப்பும் மணமும் இறப்பும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறின. 1841 முதல், பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கிலே, வீடுதோறும் வாழ்ந்தவர்களின் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்டன. ஏழைமீது கொண்ட இரக்கத்தால் எழுதியவையல்ல இவை. ஆள்வோர் தம் தேவைக்காக எழுதி வைத்தவை. ஆயினும், சீமானுக்கு ஒரு வரி என்றால் சேரிவாசிக்கும் ஒரு வரி அங்கே கிடைத்தது. அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால், சாரா சாப்மன் என்ற பெண்ணிடம் போய்ச் சேரலாம்.

1862 அக்டோபர் 31-ல் பிறந்தவள் சாரா. தந்தை மதுவடிக்கும் ஆலையிலே பணியாள். ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவள். கிழக்கு இலண்டனில், மைல் எண்டு பகுதியிலே வளர்ந்தாள். இருபது வயது நிரம்புமுன்பே, தாயோடும் அக்காளோடும் தீக்குச்சித் தொழிலில் அவள் இருந்ததைக் கணக்கேடு காட்டுகிறது. ஒரே கூரையின்கீழ் மூன்று பெண்கள். மூவருக்கும் அதே தொழில்!

அது என்ன தொழில்? பிரையண்ட் அண்ட் மே நிறுவனத்தின் ஆலையிலே, குச்சியின் முனையில் வெண்பாஸ்பரம் ஏற்றினார்கள். அதன் நச்சுப் புகை பல்வழியே புகுந்து தாடை எலும்பை அரித்தது. கூலியோ அற்பம்; அதிலும் அபராதம். காலில் அழுக்கா? அபராதம். மேசைமீது குச்சி கிடந்ததா? அபராதம். பங்குதாரருக்கு மட்டும் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஆதாயம்!

1888 சூன் திங்களில் இக்கொடுமையை ஏட்டிலே எழுதி அம்பலப்படுத்தினார் அன்னிபெசண்டு அம்மையார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, 1907 முதல் அடையாறு பிரம்மஞான சபைக்குத் தலைவராக விளங்கியவரே அவர். அன்றோ கடவுள் மறுப்பும் சமதர்மமும் பேசிக்கொண்டிருந்தார். "எழுதியவை பொய்யென்று கையெழுத்திடுங்கள்" என்றது நிர்வாகம். பெண்கள் மறுத்தனர். சூலை 5-ல் சுமார் 1,400 பேர் வெளியேறினர். மறுநாள் ஏறத்தாழ இருநூறு பேர் அம்மையாரின் அலுவலகத்துக்கு அணிவகுத்துச் சென்றனர். வேலைநிறுத்தம் செய்யச் சொன்னவரல்லர் அவர்; செய்துவிட்டு வந்து நின்றவர்கள் இவர்கள்! அமைக்கப்பட்ட போராட்டக் குழுவிலே சாராவும் ஒருத்தி. இரண்டு வாரத்திற்குள் நிறுவனம் பணிந்தது, அபராதம் ஒழிந்தது. பெண்களுக்கெனச் சங்கம் எழுந்தது. அதன் குழுவுக்கும் சாரா தேர்ந்தெடுக்கப்பட்டாள். 1890-ல் லிவர்பூல் நகரில் கூடிய தொழிற்சங்கப் பேராயத்திலும் இடம்பெற்றாள்.

வரலாறு எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? உதவ வந்தவரை 'அம்மையார்' என்றனர்; போராடியவர்களைத் 'தீப்பெட்டிச் சிறுமிகள்' என்றனர். இருபத்தைந்து வயதுப் பெண் சிறுமியா? சிறுமி என்று சொல்லிவிட்டால், கைபிடித்து நடத்த ஒருவர் வேண்டும் என்றாகிறது. அறிவு ஒருவருடையது, கூட்டம் மற்றவர்களுடையது என்றாகிறது. சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது!

இன்னொரு திரையையும் காண்கிறோம். 1891 டிசம்பரில் சார்லஸ் டியர்மன் என்ற மரச்சாமான் தொழிலாளியைச் சாரா மணந்தாள். மணப்பதிவேட்டோடு சாப்மன் என்ற பெயர் மறைந்தது. தந்தை பெயரோடு பிறந்தவள் கணவன் பெயரோடு வாழ்ந்தாள். 'சாரா சாப்மன் எங்கே?' என்று பின்னாளில் தேடுவோர்க்கு அந்த ஏட்டோடு பாதை அறுந்தது. ஆறு பிள்ளைகளைப் பெற்று, கிழக்கு இலண்டனிலேயே வாழ்ந்து, 1945 நவம்பர் 27-ல், 83-ஆம் அகவையில் பெத்னல் கிரீன் மருத்துவமனையில் உயிர்நீத்தாள். மேனர் பார்க் இடுகாட்டிலே, வேறு ஐவரோடு ஒரே குழியில், பெயர்க்கல்லும் இன்றிப் புதைத்தார்கள்.

நம் காலத்திலே, தம் குடும்பத்தின் முன்னோரைத் தேடப் புகுந்த கொள்ளுப்பேத்தி ஒருவர் அறுந்த பாதையை முடிந்தார். அந்தப் பெயரற்ற குழியையும் கண்டுபிடித்தார். லூயிஸ் ரா என்ற வரலாற்றாசிரியரும், போராடிய பெண்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிச் சென்று கேட்டு, அந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கியோர் தொழிலாளப் பெண்களே என்று நிலைநாட்டினார். 2022-ல், பழைய ஆலைக் கட்டடத்திலே அப்போராட்டத்திற்கு நினைவுப் பலகையும் ஏறியது.

அன்னிபெசண்டு ஆற்றிய தொண்டை நாம் மறைக்கவில்லை. எழுதிய கைக்கு நன்றி சொல்வோம். வேலையை உதறி வெளியேறிய கையை மறக்கலாகாது என்பதே நம் வாதம். பேனா பிடித்தவருக்கு அன்று மாலை உணவு இருந்தது. ஆலையை விட்டு வந்தவளுக்கு அதுவும் உறுதியில்லை. துணிவு எவரிடம் மிகுதி என்று தோழர்களே எடை போடட்டும்.

பதிவேட்டில் ஒரு பெயரைக் காணும்போது, அதை வெறும் எழுத்தென்று கடந்து போகாதீர்கள். அது ஒரு வாழ்வின் முகவரி. ஒரு பெயருக்கு உரியவரை மீட்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மீட்கப்பட்டவரை இனியேனும் உரிய மதிப்போடு அழைப்போம்: சாரா அம்மையார்.